கையால் முடிச்சிடும் கூந்தல் வெஃப்ட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சீப்பில் சிக்கிய நீள முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை நீளவாக்கில் வைத்து, இரண்டு விரலையும் முன்னும் பின்னுமாக மெதுவாகத் தேயுங்கள். முடி தானாக ஒரு பக்கமாக நகர்ந்து போகும். எத்தனை முறை தேய்த்தாலும் அதே பக்கம்தான். அது முன்னேறிப் போகிற முனை வேர். பின்னால் இழுபட்டு வருவது நுனி. இதை இப்போதே நாலைந்து முடியில் செய்து பாருங்கள். வெஃப்ட் என்பது நூலில் முடியை முடிச்சிட்டுத் திரைபோலத் தொங்கவிட்டது. அதைக் கட்டக் கீழே நான் சொல்லப்போகும் வேலை முழுவதும் இந்த வேரையும் நுனியையும் கலந்துவிடாமல் காப்பாற்றத்தான்.

காரணம் எளிது. ஓட்டு வீட்டுக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகள் முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அப்படித்தான் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும். எதிர்ப்பக்கம் ஓட்டினால் செதில் தடுக்கும். ஒரு கற்றையில் பாதி முடி நேராகவும் பாதி தலைகீழாகவும் இருந்தால் செதிலும் செதிலும் மாட்டிக்கொள்ளும். நாலு தடவை தலைக்குக் குளித்தால் சிக்கு விழுந்து, பிறகு எந்த எண்ணெய்க்கும் மசியாது. செதில் கெடாமல், எல்லா வேரும் ஒரே பக்கமாக இருக்கும் முடியைத்தான் வியாபாரத்தில் ரெமி என்கிறார்கள்.

நான் சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். பெரியம்மா சவுரி கட்டுவார். கல்யாணப் பெண்களுக்கும் பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கும் வேண்டிய சவுரிகள் எங்கள் திண்ணையில் தொங்கும். பின்னாளில் ஏற்றுமதிக்கு வெஃப்ட் செய்யும் பட்டறை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலேயே செய்கிறேன், கேட்டு வருபவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். வருபவர்கள் எல்லோரும் முதல் நாளே முடிச்சைக் கற்றுக்கொள்ளத்தான் ஆசைப்படுகிறார்கள். முடிச்சு இரண்டு நாளில் வந்துவிடும். அதற்கு முந்தைய வேலைதான் பழக நாளாகும். அதனால் முதலில் அதையே சொல்கிறேன்.

வெஃப்ட் என்றால் என்ன

சவுரி என்பது ஒரு கொத்து. பின்னலோடு சேர்த்துப் பின்னிக்கொள்வது. வெஃப்ட் என்பது ஒரு திரை. மெல்லிய நூல் விளிம்பு ஒன்றிலிருந்து முடிகள் வரிசையாகத் தொங்கும். பார்லரில் பெண்ணின் சொந்த முடியில் சிறு மணிகளைக் கிடைவரிசையாகக் கோத்து, அந்த வரிசையோடு வெஃப்டின் விளிம்பை வைத்துத் தைப்பார்கள். மேலே விழும் சொந்த முடி அந்தத் தையலை மறைத்துக்கொள்ளும்.

இயந்திரத்தில் தைத்த வெஃப்டும் உண்டு. அதன் விளிம்பு தடிப்பாக இருக்கும், ஆனால் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். கையால் முடிச்சிட்டது மிக மெல்லியது, தலையோடு படிந்து கிடக்கும், அடர்த்தி குறைந்த முடி உள்ளவர்களுக்கும் விளிம்பு துருத்தித் தெரியாது. ஆனால் நடுவில் வெட்டினால் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துவிடும். அதனால் எத்தனை அங்குல அகலம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வாங்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடி வாங்கும்போது

நம் பக்கம் முடி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று கோயில் முடி. பழனி, சமயபுரம், திருத்தணி, திருமலை என்று நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடும் இடங்களில் சேரும் முடி ஏலத்தில் போகிறது. திருமலையில் அது இணைய வழி ஏலம். அங்கே போய் நம்மைப் போன்றவர்கள் அரைக் கிலோ வாங்க முடியாது. ஏலம் எடுத்த வியாபாரிகளின் கைமாறித்தான் நம்மிடம் வரும். பெண்களின் நீள முடியைக் கட்டிய பிறகு சிரைத்திருந்தால் வேர் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

இன்னொன்று சிக்கு முடி. சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டி ஓட்டுச் சந்தில் செருகி வைப்போமே, பிறகு தெருவில் வருபவரிடம் பாத்திரத்துக்கோ காசுக்கோ போடுவோமே, அது. அதைப் பிரித்து நேராக்குவது பெண்கள் உட்கார்ந்து கையால் செய்யும் பெரும்பாடான வேலை. எவ்வளவு பொறுமையாகப் பிரித்தாலும் எது வேர், எது நுனி என்ற அடையாளம் போய்விடுகிறது. அதனால் அமிலத்தில் முக்கிச் செதிலையே கரைத்துவிட்டு, மேலே சிலிக்கான் பூசி விற்பதும் உண்டு. கடையில் தொட்டால் பட்டுப்போல இருக்கும். சில முறை அலசியதும் பூச்சு போய் வறண்ட நார் மாதிரி ஆகிவிடும். பழகுவதற்குச் சிக்கு முடி போதும். காசு வாங்கி ஒருவர் தலையில் வைக்கப்போகும் வெஃப்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

வாங்கும் முன் கட்டின் நடுவிலிருந்து பத்து முடி உருவுங்கள். முதலில் சொன்ன தேய்ப்புச் சோதனையைப் பத்திலும் செய்யுங்கள். பத்தும் ஒரே பக்கம் நகர்ந்தால் நல்ல கட்டு. இரண்டு எதிர்ப்பக்கம் போனாலே யோசியுங்கள். நாலு போனால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு முடிகூட எந்தப் பக்கமும் நகராமல் அப்படியே வழுக்கினால் செதில் கரைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கனமான பூச்சு இருக்கலாம். ஒரு கற்றையை ஷாம்பு போட்டு அலசிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், மழை நாளில் எடைக்கு முடி வாங்காதீர்கள். முடி ஈரத்தை நன்றாகக் குடிக்கும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரை. என் சித்தி வீடு ஏற்காட்டில் இருக்கிறது. ஒரு ஆடி மாதம் வேலையையும் எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். சேலத்து வெயிலில் 100 கிராம் நிறுத்துக் கட்டிய கட்டு, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இரண்டு நாள் மூடுபனியில் திறந்து கிடந்த பிறகு பத்துக் கிராமுக்கு மேல் கூடியிருந்தது. ஒரு முடிகூடச் சேரவில்லை, ஈரம்தான். நீங்கள் வாங்கும்போது அந்தப் பத்துக் கிராமுக்கும் முடியின் விலையைத்தான் கொடுப்பீர்கள்.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை வளரும். 18 அங்குல முடி என்றால் ஒரு பெண்ணின் தலையில் மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறது. எண்ணெய் வைத்து, வாரி, பின்னி, பூ வைத்து வளர்த்தது. அதைக் கையில் எடுக்கும்போது அந்த மரியாதையோடு எடுங்கள்.

சிவப்பு நூல்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை: பெரிய கட்டைக் கட்டை விரல் பருமனுள்ள சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேர் முனையிலிருந்தும் ஓர் அங்குலம் விட்டுச் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். சிவப்பு இருக்கும் பக்கம் வேர். வெஃப்ட் முடியும்வரை அந்த நூல் இல்லாமல் எந்தக் கற்றையும் மேசையில் கிடக்கக் கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டறையில் சேர்ந்த புதிதில், ஒரு சித்திரை மாத மதியம், வியர்வை தாங்காமல் மின்விசிறியைப் போட்டேன். நூல் அவிழ்த்துப் பரப்பியிருந்த முடி மேசையிலிருந்து தரைக்குப் பறந்தது. அரைக் கிலோ இருக்கும். வேரும் நுனியும் ஒரே குழப்பம். நாலு நாள் ஒவ்வொரு முடியாகத் தேய்த்துப் பார்த்துப் பிரித்தேன், பாதிகூடத் தேறவில்லை. வீட்டுக்கு வந்து அழுதபோது பெரியம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "வேரு எந்தப் பக்கம்னு தெரியற வரைக்கும்தான் அது கூந்தல், கண்ணு. தெரியாமப் போச்சுன்னா கூட்டி அள்ளற குப்பை." மறுநாள் ஒரு சிவப்பு நூல்கண்டைக் கையில் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து முடி பிரித்திருக்கும் நேரத்தில் விசிறி போடுவதில்லை. கோடையில் விடியற்காலை ஐந்திலிருந்து ஒன்பது வரையும், வெயில் தாழ்ந்த பிறகும்தான் வேலை.

சுத்தம் செய்தல்

பேனும் ஈரும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். 55 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் இருந்தால் இரண்டும் செத்துவிடும். கொதிக்கும் தண்ணீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அதில் கற்றைகளை முக்கி மூடி வையுங்கள். எடுக்கும்போது கையை விடாதீர்கள், இடுக்கி வேண்டும். செத்த ஈர் முடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை ஈரத்தோடு பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிக்கு வாரி எடுக்க வேண்டும். ஒரு ஈர் மிஞ்சினாலும் வாங்குபவர் திரும்ப வரமாட்டார்.

பிறகு ஷாம்பு. எனக்குச் சொந்தத் தலைக்குச் சீயக்காய்தான் பிடிக்கும். ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம், தூள் முடிக்குள் தங்கிவிடும். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, கற்றையின் வேரைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக வழித்து வழித்துக் கழுவுங்கள். துணி துவைப்பதுபோலக் கசக்கினால் அவ்வளவுதான், சிக்கு. நன்றாக அலசி, சிவப்பு நூல் மேலே இருக்கும்படி கொடியில் கிளிப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். முழுக்கக் காயாத முடியை அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

வாருதலும் நீளம் பிரித்தலும்

மேசையில் ஆணிப் பலகை ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கனமான பலகையில் கூரான நீள ஆணிகள் வரிசை வரிசையாக மேல்நோக்கி நிற்கும். இத்துறையில் ஹேக்கிள் என்பார்கள். வேரைக் கையில் பிடித்து, முதலில் நுனிப்பகுதியை மட்டும் ஆணிமேல் போட்டு இழுங்கள். சிக்கு போனதும் இன்னும் கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே. எடுத்த எடுப்பில் வேரோரத்தில் போட்டு இழுத்தால் முடி அறுந்து வரும். குட்டை முடிகள் ஆணியில் தங்கிவிடும். வேலை முடிந்ததும் பலகைக்கு மரப்பெட்டி மூடி போட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. வாரும்போது தூசியும் பொடி முடியும் பறக்கும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீளம் பிரித்தல். டிராயிங் கார்டு என்று இரண்டு பட்டைகள் உண்டு. தோலில் வளைந்த கம்பிப் பற்கள் பதித்திருக்கும். ஒன்றின் மேல் கற்றையைப் பரப்பி, மற்றொன்றைக் கவிழ்த்து, மேலே செங்கல் வையுங்கள். நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மிக நீளமாக நீட்டியிருப்பதை முதலில் பிடித்து உருவுங்கள், பிறகு அதற்கடுத்த நீளம். உருவியதை ஒரே நீளமுள்ள கட்டுகளாக, வேரைத் தட்டிச் சமன் செய்து, மறுபடி சிவப்பு நூல் போட்டு வையுங்கள். 18 அங்குலக் கட்டில் பெரும்பாலான முடிகள் 18 அங்குலமே இருந்தால் டபுள் டிரான். நுனி வரை அடர்த்தி இருக்கும். கட்டில் குட்டை முடிகளும் கலந்திருந்தால் சிங்கிள் டிரான். கீழே போகப் போக மெலியும், பார்க்க இயற்கையாக இருக்கும். டபுள் டிரானில் வேலையும் கழிவும் அதிகம், விலையும் அப்படித்தான்.

கட்டும் சட்டம்

இதற்கு இயந்திரம் வேண்டாம், ஒரு தச்சர் போதும். ஓர் அடி உயரத்தில், துடைப்பக் கட்டைப் பருமனில் இரண்டு உருளைக் கட்டைகள். மேசையின் விளிம்பில் ஒன்றரை, இரண்டு அடி இடைவெளியில் நிமிர்ந்து நிற்கும்படி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். இடது கட்டையில் மூன்று சின்ன ஆணிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக அரை சென்டிமீட்டர் விட்டு. வலது கட்டையில் நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கட்டையைத் திருகினால் நூல் இறுகும்படி இருக்கட்டும்.

நூல் மெல்லியதாக, ஆனால் கையால் இழுத்தால் அறாததாக இருக்க வேண்டும். நைலான் அல்லது பாலியஸ்டர், முடியின் நிறத்தில். முடிச்சு வழுக்காமல் பிடிப்பதற்கு நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை உருவிக்கொள்வேன். மூன்று நூலையும் கட்டி இறுக்கிய பிறகு விரலால் தட்டிப் பாருங்கள். அதிர வேண்டும். எங்கள் தெருவில் சொல்வதுபோல, பாவு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்) தொய்ந்தால் துணி தேறாது. வேலை நடக்கும்போதும் நூல் தளரும். கால் மணிக்கு ஒருமுறை கட்டையைத் திருகி இறுக்குங்கள்.

கறுப்பு முடி, கறுப்பு நூல் என்பதால் கண் சீக்கிரம் களைக்கும். நூலுக்குப் பின்னால் தெரியும்படி மடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன விஷயம் என் கண்ணை எத்தனையோ வருஷம் காப்பாற்றியிருக்கிறது. உட்காரும் உயரம் நூல் நெஞ்சுக்கு நேராக வரும்படி இருக்கட்டும். குனிந்து செய்தால் மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

முடிச்சு

மூன்று நூலையும் மேல் நூல், நடு நூல், அடி நூல் என்று சொல்லிக்கொள்வோம். நான் சொல்லும் பாதை ஆங்கில எழுத்து எம் மாதிரி: இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். வேறு பாதைகளும் உண்டு. தொடங்குபவர்களுக்கு இது நினைவில் நிற்கும் என்பதால் இதைத்தான் கற்றுத்தருகிறேன்.

முடியில் தொடங்காதீர்கள். மூன்று சணல் கயிறுகளைச் சட்டத்தில் கட்டி, கம்பளி நூலால் இதே பாதையில் ஐம்பது முறை போட்டுப் பழகுங்கள். கயிறு பெரியது, எங்கே தவறினோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

சரி, இப்போது முடி. சட்டத்தின் இடது முனையில் மூன்று நூலையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், வேலை அதிலிருந்து தொடங்கும். வேர் வெளியே நீட்டும்படி டிராயிங் கார்டில் மறுபடி வைத்த முடியிலிருந்து, வேர்ப்பக்கமாகச் சுமார் 20 முடிகளை உருவுங்கள். எண்ண வேண்டாம், இரண்டு நாளில் விரலுக்கே அளவு தெரிந்துவிடும். வேர் முனை இரண்டரை அங்குலம் வெளியே நீட்டியிருக்கும்படி கற்றையை இடது கையால் நூலுக்குக் கீழே பிடியுங்கள். மீதி நீளம் மடியில் தொங்கட்டும். வேர் முனையை வலது கை ஓட்டிச் செல்லும்.

முதல் ஏற்றம்: வேர் முனை அடி நூலுக்கு முன்னால், நடு நூலுக்குப் பின்னால், மேல் நூலுக்கு முன்னால் வந்து, மேல் நூலின் தலையைத் தாண்டிப் பின்பக்கம் மடங்கும்.

முதல் இறக்கம்: மேல் நூலுக்குப் பின்னால், நடு நூலுக்கு முன்னால், அடி நூலுக்குப் பின்னால் இறங்கி, அடி நூலைச் சுற்றி முன்பக்கம் வரும்.

இரண்டாம் ஏற்றம் முதல் ஏற்றம் போலவே. இரண்டாம் இறக்கமும் முதல் இறக்கம் போலவே. ஆனால் கடைசியில் அடி நூலைச் சுற்றாமல் பின்பக்கமே தொங்கவிட்டுவிடுங்கள். இப்போது நீள முடி முன்னால் தொங்கும், வேரின் குட்டை வால் பின்னால் தொங்கும். நெசவு தெரிந்தவர்கள் இதைப் பார்த்ததும் சிரிப்பார்கள். ஒரு ஊடை (குறுக்கே ஓடும் நூல்) பாவின் மேலே, அடுத்த ஊடை கீழே என்று மாறி மாறிப் போவதுதான் இது. மூன்றே இழை உள்ள பாவு, முடிதான் ஊடை. எங்கள் தெருப் பெண்கள் இதை ஒரே பகலில் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

இறுக்குவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நீள முடியைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்து, வாலை முக்கால் அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வாலையும் நீள முடியையும் சேர்த்துப் பிடித்து ஒரே சீராக இழுங்கள். மூன்று நூலும் நெருங்கி ஒரே கயிறு மாதிரி ஆகும். கடைசியாகக் கட்டை விரல் நகத்தால் முடிச்சை இடப்பக்கம் தள்ளி, முந்தைய முடிச்சோடு ஒட்ட வையுங்கள். நகம் கொஞ்சம் வளர்ந்திருப்பது இந்த வேலைக்கு நல்லது.

வால் அரை அங்குலத்துக்குக் கீழே போனால் உருவிக்கொண்டு வரும். ஒரு கற்றையில் 20, அடுத்ததில் 40 என்று எடுத்தால் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். தைத்த பிறகு தலையில் உறுத்தும். அதிகமாக இடித்துத் தள்ளினால் விளிம்பு சுருண்டுகொள்ளும். நெருக்கம் சரியா என்று பார்க்க, ஓர் அங்குலம் முடித்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முடிச்சுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, விளிம்பும் வளையாமல் நேராக நிற்க வேண்டும். தவறு தெரிந்தால் அங்கேயே அவிழ்த்துவிடுங்கள். பத்து முடிச்சு தாண்டிப்போய் அவிழ்க்க மனசு வராது.

விளிம்பை முடித்தல்

வேண்டிய அகலம் வந்ததும் மூன்று நூலையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டு, மூன்று அங்குல நூலை விட்டு வெட்டுங்கள். அந்த மிச்ச நூல் பார்லரில் தைப்பவருக்கு உதவும். இரண்டு முனை முடிச்சிலும், விளிம்பு நெடுகிலும் வெஃப்ட் சீலர் என்று விற்கும் நெகிழ்வான பசையை மிக மெல்லியதாகத் தடவுங்கள். பல் குத்தும் குச்சியின் முனையில் எடுக்கும் அளவு போதும். காய்ந்ததும் கண்ணாடிபோலக் கெட்டியாகும் அவசரப் பசைகள் வேண்டவே வேண்டாம், தலையில் முள்ளாகக் குத்தும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஏற்காட்டுப் பனியில் நான் தடவிய பசை மூன்றாம் நாளும் பிசுபிசுவென்றே இருந்தது. அதிலிருந்து பசை வேலையை மட்டும் மலைமேல் வைத்துக்கொள்வதில்லை.

பின்னால் தொங்கும் குட்டை வால்களை ஒட்ட வெட்ட ஆசை வரும். வெட்டாதீர்கள். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் மெத்தென்று படிந்து கிடக்கும். ஒட்ட வெட்டினால் சவரம் செய்த தாடிபோலக் குத்தும், பிடிப்பும் குறையும்.

காய்ந்ததும் சோதனை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு 20 முறை வாருங்கள். அலசி, உலர்த்தி, மறுபடி 20 முறை. விழுந்த முடியை வெள்ளைத் துணியில் எண்ணுங்கள். நான் ஐந்தாறு முடிக்கு மேல் விழுந்த துண்டை விற்பதில்லை.

கூலிக் கணக்கு

18 அங்குல முடி ஒன்று ஏறக்குறைய 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். முடிச்சுக்கு 20 முடி, அங்குலத்துக்கு 20 முடிச்சு என்று வைத்தால், 10 அங்குல அகல வெஃப்டில் 200 முடிச்சு, 4000 முடி, சுமார் 9 கிராம். ஒரு தலைக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் கேட்டால் 12 துண்டு. 2400 முடிச்சு.

புதிதாகத் தொடங்குபவருக்கு முடிச்சுக்கு ஒரு நிமிடம் ஆகும். ஒரு துண்டுக்கே மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். எனக்கு இப்போது 20 வினாடி. 12 துண்டுக்குப் பதிமூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கண் தாங்கும் வேகத்தில் அது இரண்டு நாள் வேலை. சுத்தம் செய்வதும் வாருவதும் பிரிப்பதும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறையில் எங்களுக்குக் கூலி அங்குலக் கணக்கில் பேசிவிட்டு, வாரக் கடைசியில் கிராம் கணக்கில் கொடுத்தார்கள். மெல்லியதாக, அழகாகக் கட்டியவளுக்குக் குறைந்த காசும், தடிப்பாகத் திணித்தவளுக்கு அதிகக் காசும் கிடைத்தது. கையால் கட்டும் வெஃப்டின் பெருமையே மெல்லிய விளிம்புதான். அதற்கே தண்டனை என்றால் யார் நன்றாகக் கட்டுவார்கள்? வேலைக்குச் சேரும்போது கூலி அங்குலத்துக்கா, கிராமுக்கா, நாளுக்கா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நூலும் பசையும் யார் செலவு, திருப்பி அனுப்பிய துண்டுக்கு யார் பொறுப்பு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு பதப்படுத்தாத முடியை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. முடியை மூட்டையாக அனுப்பாமல் இங்கேயே பொருளாக்கத் தெரிந்த கைகள் வேண்டியிருக்கின்றன. உங்கள் கையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

கொடுத்து அனுப்பும்போது

வாங்குபவருக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்லரில் தையலைப் பிரித்து மேலேற்ற வேண்டும், ஏனென்றால் சொந்த முடி வளர வளர வரிசை கீழே இறங்கிவிடும். தைத்த இடத்தில் வலியோ கொப்புளமோ வந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது, உடனே எடுத்துவிட வேண்டும். நாள்பட்ட இழுவையால் சொந்த முடியே வேரோடு போய்விடும், சில சமயம் திரும்ப முளைப்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகோ காய்ச்சலுக்குப் பிறகோ முடி கொட்டிக்கொண்டிருப்பவர் வந்தால் நான் விற்பதில்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கட்டி வைப்பது இப்படி: முழுக்க உலர்ந்த வெஃப்டைத் தளர்வாக ஒரு பின்னல் போட்டு, பருத்தித் துணிப்பையில் வையுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், ஈரம் நின்றுவிடும். துணி அரிக்கும் பூச்சி முடியையும் அரிக்கும், அதனால் பைக்குள் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போடுவேன். ஒரு சீட்டில் நீளம், அகலம், எடை, கட்டிய தேதி எழுதி, விளிம்பின் ஒரு முனையில் சிவப்பு நூலால் கட்டிவிடுங்கள்.